கயிற்றில் மாட்டிய எட்டுப் படங்கள்

படம் வரைகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. மூச்சுக்காற்று கழுத்தில் பட்டாலே தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். ஆனால் சிவகாசியில், கல்லில் வரைந்து அச்சடிக்கிற ஒரு லித்தோ பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்டாக இருந்த காலத்தில், பத்துப் பேர் பார்க்கவும் பத்துப் பேர் குறை சொல்லவும் என் படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டவனும் நானேதான். விரும்பிச் செய்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் பிரஸ்ஸில் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாம் அடிப்போம். ஆர்டர் கொடுக்க வருகிறவர் சிங்கம் வேண்டும் என்பார். அவர் மனசில் இருப்பது பாய்கிற சிங்கம். எங்கள் முதலாளி மனசில் இருப்பது உட்கார்ந்த சிங்கம். மெஷின்மேனுக்கு எந்தச் சிங்கமானாலும் சரி, நாலு கலருக்கு மேல் போகக் கூடாது. நான் மாங்குமாங்கென்று கல்லில் வரைந்து முடித்த பிறகு மூன்று பேரும் வந்து நின்று, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு முறை இப்படிக் கல்லைத் தேய்த்து அழித்த பிறகு எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கழிவாகப் போன லேபிள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கி, ஈரத்தாள் காயப்போடுகிற கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினேன். காலண்டர் என்றால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை. முகம் மூக்கு ஒன்றும் இருக்காது, உருவம் மட்டும். எல்லாரையும் கூப்பிட்டு, "இப்பவே சண்டை போட்டு முடிச்சிருங்க. கல்லுல ஏறுனப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன். சண்டை போட்டார்கள். படங்களைக் கழற்றி இடம் மாற்றினார்கள். இரண்டை எடுத்துக் கசக்கி எறிந்தார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு கல்லைத் தேய்க்கவில்லை. அந்தக் கயிற்றுக்குப் பிரஸ்ஸில் பஞ்சாயத்துக் கயிறு என்று பெயர் வந்தது.

என் வீடு விருதுநகரில். அத்தாவுக்கு வத்தல் வியாபாரம். மகன் உருவம் வரைந்து பிழைக்கிறான் என்பதில் அவருக்கு வருத்தம்தான். ஜமாத்தில் யாராவது கேட்டால், பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்வார். நானும் அதற்கு மேல் பேச்சை வளர்த்ததில்லை. காலையில் பஸ் ஏறினால் சிவகாசி, இருட்டினால் வீடு.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன் முடிகிற சமயம், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற ஷெட் வெடித்தது. எங்கள் பிரஸ் வரைக்கும் சத்தம் கேட்டது. மெஷின்மேன் மெஷினை நிறுத்தினார். அந்த ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் முதலில் யாரும் பேச மாட்டார்கள், அவரவர் வீட்டில் யார் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பு ஓடும்.

உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தி தவிர எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். வராமல் போனது கல்யாணம் பேசி வைத்திருந்த பிள்ளை. அவளுடைய அம்மாவும் அதே ஷெட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் முதல் ஆளாக வெளியே ஓடி வந்தவள். வந்து திரும்பிப் பார்த்து மகளைத் தேடியிருக்கிறாள்.

ஊர் அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பிள்ளை வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எடுக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள் என்றார்கள். மேற்பார்வை பார்க்கிற போர்மேன், விசாரிக்க வந்த அதிகாரியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். செருப்புக்கு ஆசைப்பட்டுச் செத்தாள் என்று டீக்கடையில் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒரு பிள்ளை கரிந்து கிடக்கிறது, இவர்கள் டீயை ஆற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பேச்சை ஊரைவிட அதிகமாக நம்பியது பெற்றவள்தான். அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனபோது மகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஷெட் வாசலில் குவியலாகக் கிடக்கிற செருப்புகளில் அதை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தபோது, "இதையும் தொலைச்சிட்டு வந்தேன்னா வீட்டு வாசப்படி ஏறாத" என்று சொல்லியிருக்கிறாள். எந்த அம்மாவும் சொல்கிற வார்த்தைதான். மகள் நிஜமாகவே வாசப்படி ஏறாமல் போன பிறகு, இழவு வீட்டில் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, தன் வாய்தான் பிள்ளையைத் தின்றது என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். அதன் பிறகு வாயே திறப்பதில்லை என்று சொன்னார்கள்.

கம்பெனியை மறுபடி திறப்பதற்கு முன்னால், ஷெட்டுக்கு ஷெட் எச்சரிக்கை எழுதி ஒட்ட வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். கம்பெனிக்காரரும் எழுதித்தான் ஒட்டினார், ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில். படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று அவருக்கே தெரிந்து, எங்கள் முதலாளியிடம் வந்தார். எழுத்தே இல்லாமல் எட்டுப் படத்தில் எல்லாம் விளங்க வேண்டும், ஒரே தாளில் அடித்துத் தர வேண்டும் என்றார். ஷெட்டுக்குள் நுழைவதில் தொடங்கி, தீப்பிடித்தால் ஓடுவதில் முடிய வேண்டும்.

எனக்கு மருந்து ஷெட்டைப் பற்றி என்ன தெரியும்? லேபிள் ஒட்டிய பிறகுதான் பட்டாசையே பார்ப்பேன். அதனால் எட்டுப் படத்தையும் கிறுக்கி எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்துக் கயிற்றையும் கிளிப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பெனிக்கே போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். கம்பெனிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளையாட்களைக் கூட்டி வைத்துக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு நாட்டாமை பண்ணுவார்கள் என்றார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

மத்தியானச் சோற்று நேரத்தில், ஷெட்டுகளை விட்டுத் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் கயிற்றைக் கட்டினேன். காற்றில் படங்கள் புரண்டுகொண்டே இருந்தன. பெண்கள் தூக்குவாளியும் கையுமாக வந்து நின்றார்கள். முதலில் கூச்சம். பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

மருந்து அள்ளுகிறவளுக்கு முந்தானையைத் தொங்கவிட்டு வரைந்திருந்தேன். "இப்பிடித் தொங்கவிட்டா போர்மேன் எங்கள உள்ளயே விடமாட்டாரு, பாய்" என்றாள் ஒருத்தி. முக்காலியில் உட்கார வைத்திருந்தேன். நாங்கள் என்ன உங்கள் பிரஸ்ஸிலா உட்கார்ந்திருக்கிறோம், தரையில் சாக்குப் போட்டல்லவா உட்காருவோம் என்று சிரித்தார்கள். ஒரு கிழவி என்னைக் கேட்கவே இல்லை, நேராக வந்து ஐந்தாவது படத்தைக் கழற்றி மூன்றாவது இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்சங்கொஞ்சமாக மருந்து எடுப்பது முன்னால், தட்டைத் தூக்கிப் போவது பின்னால். அவள் மாட்டியதுதான் சரி. போர்மேன் எல்லாப் படத்திலும் போர்மேன் நிற்க வேண்டும் என்றார். கம்பெனிக்காரர் எல்லாப் படத்திலும் கம்பெனியின் கிளி முத்திரை இருக்க வேண்டும் என்றார். தீப்பிடித்து ஓடுகிற படத்திலும் கிளி வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதில் வேண்டாம் என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு எங்கே போவாள், கம்பெனி திறந்ததும் அவளும் வந்துவிட்டாள். மருந்து ஷெட்டுக்கு அனுப்பாமல், வெளியே காகிதக் குழாய் உருட்டுகிற இடத்தில் போட்டிருந்தார்கள். ஒல்லியான அம்மாள். ஓரமாக நின்றவள் மெதுவாக முன்னால் வந்து முதல் படத்தைப் பார்த்தாள். பிறகு கயிற்றை ஒட்டியே நடந்து கடைசிப் படத்துக்குப் போனாள். மறுபடி முதல் படத்துக்கு வந்தாள்.

"மொதப் படத்துல வாசல்ல செருப்புக் கெடக்கு. கடைசிப் படத்துல காங்கலையே" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் சட்டென்று அமைதியானார்கள். யார் பேசியது என்று எனக்கு அந்த அமைதியில்தான் புரிந்தது.

உண்மையில் முதல் படத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று காட்டுவதற்காக, வாசலில் ஒரு குவியல் செருப்பு வரைந்திருந்தேன். செருப்பில் ஆணி இருக்கும், தரையில் உரசினால் பொறி பறக்கும், அதனால் வெளியில்தான் கழற்ற வேண்டும். கடைசிப் படத்தில் அதே வாசல் வழியாகப் பெண்கள் ஓடி வருகிறார்கள். ஓடுவதுதானே முக்கியம் என்று செருப்பை விட்டுவிட்டேன். அதைத்தான் சொன்னேன். போர்மேனும், செருப்பு இப்போது ரொம்ப அவசியமா என்று முணுமுணுத்தார்.

"அன்னைக்குக் கெடந்துச்சே" என்றாள் அவள்.

நான் பென்சிலை எடுத்தேன். கடைசிப் படத்தைக் கழற்றி முழங்காலில் வைத்து, முதல் படத்தில் இருந்த அதே குவியலை அதே வாசலில் வரைந்தேன். வரைந்து முடித்ததும்தான் எனக்கே தெரிந்தது. ஓடி வருகிற கால்கள் எல்லாம் நேராக அந்தக் குவியலுக்குள்தான் வந்து விழுந்தன. கால் வைக்க இடமில்லை. திரும்பக் கயிற்றில் மாட்டினேன்.

கம்பெனிக்காரர், ஷெட்டுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்துத்தானே கட்டியிருக்கிறோம், ஏன் எல்லாரும் முன் வாசலுக்கே வந்தார்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. முந்தானை விஷயத்தில் என்னைக் கிண்டல் செய்தாளே, அவள்தான் பதில் சொன்னாள். கேட்டிலிருந்து வருகிற பாதை முன் வாசலுக்குத்தான் இருக்கிறது, அதனால் செருப்பு அங்கேதான் கிடக்கும், மற்ற வாசலுக்கு வெளியே கருவேல முள், வருஷம் பூரா செருப்பு கிடக்கிற பக்கமே போய் வந்த கால் அவசரத்துக்கும் அங்கேதான் போகும் என்றாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"சின்னம்மா," என்று அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள், "அவ செருப்புக்குக் குனியலை. குனிஞ்சது நானு. எங் காலு தானாத் தேடிச்சு. மாட்டாமப் போவமாட்டேன்னு நின்னுச்சு. அவ எனக்குப் பின்னால நின்னா. 'போக்கா, போக்கா'ன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளுனா. நா வெளிய வந்து விழுந்தேன். திரும்பிப் பாக்கையில அங்கன வாசலே இல்ல."

இத்தனை நாளும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொலைகாரி என்பார்கள் என்ற பயம். ஊர் வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தது, அதன் நிழலில் ஒதுங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரி.

அந்த அம்மாள் அழவில்லை. கிட்டே போனாள். "தள்ளுனாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள் இவள். "எங்கன கை வச்சா?"

இவள் திரும்பி நின்று, கையைப் பின்னால் வளைத்து, முதுகில் இரண்டு தோள்களுக்கும் நடுவில் காட்டினாள். அந்த அம்மாள் தன் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. சோற்று நேரம் முடிந்து மணி அடித்தது, யாரும் நகரவில்லை. போர்மேன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷெட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் கிளிப்புகளைக் கழற்றுகிற சாக்கில் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். எனக்கு அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்த பஞ்சாயத்தில் சிரிப்பு இல்லை. மறுநாளும் கயிறு கட்டினோம். முதல் படத்தை மாற்ற வேண்டும் என்று பெண்களே சொன்னார்கள். செருப்பை ஷெட் வாசலில் கழற்றக் கூடாது, கேட்டுக்குள் நுழைந்ததும் இந்த வேப்பமரத்தடியிலேயே கழற்றிவிட வேண்டும், அங்கிருந்து வெறுங்கால். முள் குத்துமே என்றார் கம்பெனிக்காரர். கூட்டிச் சுத்தம் பண்ணுங்கள், நாலு வாசலுக்கும் பாதை போடுங்கள் என்றாள் கிழவி. ஒரு கம்பெனி முதலாளியிடம் அப்படி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. அவர் கயிற்றில் தொங்கிய கடைசிப் படத்தை ஒருமுறை பார்த்தார். சரி என்றார். அதிகாரியிடம் சொன்னதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று போர்மேனிடமும் சொன்னார். போர்மேன் தலையாட்டினார். கிளி முத்திரையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

பிரஸ்ஸுக்கு வந்து எட்டையும் புதிதாக வரைந்தேன். முதல் படத்தில் வேப்பமரமும் அதன் கீழே வரிசையாகச் செருப்புகளும். கடைசிப் படத்தில் நாலு வாசலிலும் பெண்கள் ஓடி வருகிறார்கள், வெறுங்காலோடு, வெறும் தரையில். முன் வாசல் மட்டும் பார்க்கிறவருக்குக் கிட்டே, பெரிதாகத் தெரியும். அதில் ஒருவர் பின் ஒருவராக நாலு பேர். கல்லில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கயிற்றோடு போனேன்.

எல்லாரும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிப் போன பிறகு, அந்த அம்மாள் மட்டும் கடைசிப் படத்தின் முன்னால் நின்றாள். முன் வாசலில் கடைசியாக வருகிறவளின் மேல் விரலை வைத்தாள். இது யார் என்று கேட்டாள். யாருமில்லை, சும்மா ஒரு பெண் என்றேன். முகமே போடாத படம் அது.

"இவளை முன்னால கொண்டு வந்துருங்க, பாய்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான், யாரை நினைத்துச் சொல்கிறாள் என்று தெரிந்தது. வரைகிறவன் புத்தி, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். இவளை முன்னால் கொண்டு வரலாம்மா, ஆனால் வாசலில் ஒவ்வொருவராகத்தானே வர முடியும், கடைசியில் யாராவது ஒருத்தி வரத்தானே வேண்டும் என்றேன்.

"அங்கன என்னைய வரைங்க" என்றாள்.

அப்படியே வரைந்தேன். அந்தத் தாள் பிறகு எத்தனையோ கம்பெனிகளின் சுவரில் தொங்கியது. பார்த்தவர்களுக்கெல்லாம் அது தீப்பிடித்தால் ஓடுங்கள் என்று சொல்கிற படம். முன்னால் ஒரு சின்னப் பெண் வாசலைத் தாண்டிவிட்டாள். எல்லாருக்கும் கடைசியில், முந்தானையை இடுப்பில் செருகிய ஒல்லியான ஒரு அம்மாள் வருகிறாள். அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் போகிறவளின் முதுகில் இருக்கின்றன.